உஷார்! டயர் வாங்கியது ஓரிடம், மாட்டுவது வேறிடமா?

ஆன்லைனில் நாலு டயர் ஆர்டர் போட்டுவிட்டு, கடை விலைக்கு இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். கூரியர்காரர் வாசலில் உருட்டிவிட்டுப் போன டயருக்கு இன்னும் பாதி வேலை பாக்கி இருக்கிறது. பழைய ரிம்மில் ஏற்ற வேண்டும், காற்று பிடிக்க வேண்டும், பேலன்ஸ் பார்க்க வேண்டும், நட்டு முடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் உங்கள் கார் ஜாக்கியில் நிற்கும், உங்களுக்கு டயர் விற்காத ஒருவரின் கையில். மிச்சம் பிடித்த மூவாயிரம் அங்கே ஐந்தாயிரமாகக் கறக்கப்படலாம். பணம் போவதுகூடப் பெரிதில்லை. ஓரம் கிழிந்த டயரும் அரைகுறையாக முடுக்கிய நட்டுமாக, மறுநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் பைபாஸில் நூறில் போவீர்கள். அதுதான் பயம்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டயர் கடைக்கு வருமானம் டயர் விற்பதில்தான். மாட்டும் கூலியில் பெரிதாக ஒன்றும் தேறாது; தன்னிடம் வாங்கியவருக்கு அதைச் சும்மாவே செய்து கொடுத்துவிடுவார்கள். வெளியே வாங்கிய டயரைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். "நம்மகிட்ட வாங்கல இல்ல சார், அதனால சக்கரத்துக்கு இவ்வளவு ஆகும்" என்று கொஞ்சம் கூட்டிக் கேட்டால் அது ஏமாற்று வேலை இல்லை, நேர்மையான பேச்சு. மெஷினுக்கும் ஆளுக்கும் கரண்டுக்கும் காசு வேண்டாமா? பேரம் பேசுங்கள், ஆனால் முறைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பயப்பட வேண்டியது, "அட, கொண்டாங்க சார், பாத்துக்கலாம்" என்று கூலியே பேசாமல் சிரிக்கிறவரிடம்தான். டயரில் கிடைக்காத லாபத்தை அவர் வேறெங்கோ எடுத்தாக வேண்டும்.

சில ஆன்லைன் விற்பனையாளர்கள், "உங்கள் ஏரியாவில் எங்களோடு ஒப்பந்தம் உள்ள கடைக்கே டயரை அனுப்பிவிடுகிறோம், அங்கே போய் மாட்டிக்கொள்ளுங்கள்" என்பார்கள். வசதிதான். ஆனால் அந்தக் கடைக்கும் டயர் லாபம் கிடையாது, மாட்டும் கூலி மட்டுமே. ஆகவே இனி சொல்லப்போவதெல்லாம் அங்கேயும் பொருந்தும்.

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. ரிம்மில் ஒருமுறை ஏறிவிட்ட டயரைப் பெரும்பாலும் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார். எனவே சோதனையெல்லாம் கூடத்திலேயே நடக்கட்டும். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு ஒரு வரிசை தொடங்கும். அதன் கடைசி நாலு எண்கள்தான் பிறந்த தேதி. 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். தேதியோடு கூடிய முழு வரிசை பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே திரும்பி மாட்டப்பட்டுவிட்டால் அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். மலிவு விலைக்குப் பின்னால் மூன்று வருடம் குடோனில் கிடந்த சரக்கு இருக்கலாம். வந்த அன்றே பாருங்கள்.

அடுத்து அளவு. 185/65 ஆர்15 88ஹெச் என்று இருக்கிறதா? 185 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவீதம் பக்கவாட்டு உயரம், 15 அங்குல ரிம். இதுவரை எல்லோரும் சரியாகப் பார்த்துவிடுகிறார்கள். கடைசியில் வரும் 88ஹெச்சைத்தான் விட்டுவிடுகிறார்கள். 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான். ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை, டி என்றால் 190 வரை. அளவு அதேதான், விலை மட்டும் நானூறு குறைவு என்றால் இந்த இடத்தில் எங்காவது குறைத்திருப்பார்கள். காரோடு வந்த கையேட்டில் இருப்பதைவிடக் குறைந்த எண் வேண்டவே வேண்டாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தேடுங்கள். கார் டயரென்றால் ஐ.எஸ். 15633, பைக்குக்கும் ஆட்டோவுக்கும் ஐ.எஸ். 15627. நம் நாட்டில் விற்கும் டயருக்கு இது கட்டாயம். 2020 ஜூனிலிருந்து வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கும் லைசென்ஸ் வேண்டும். பேர் தெரியாத டயர் ஒன்று முத்திரையே இல்லாமல் வீடு தேடி வந்திருந்தால், அது எந்த வழியாக வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கடைசியாக, ரிம்மோடு ஒட்டுகிற உள் வளையத்தைக் கையால் தடவிப் பாருங்கள். உள்ளே எஃகுக் கம்பி ஓடும் அந்த இடத்துக்கு பீடு என்று பெயர். லாரியில் மூட்டைக்கு அடியில் நசுங்கி வந்த டயரில் அங்கே ஒரு மடிப்பு விழுந்திருக்கும். மடிப்பு இருந்தால் மாட்டவே மாட்டாதீர்கள், திருப்பி அனுப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நாலு டயரின் வரிசை எண்களையும், உள்வளையங்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தின் அருமை பின்னால் தெரியும்.

சரி, கடை. போர்டின் சைஸைப் பார்த்தோ, ஏசி அறையைப் பார்த்தோ கடையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாறுவீர்கள். உங்கள் ஏரியா கால் டாக்சி ஸ்டாண்டுக்கோ, டிராவல்ஸ் வேன்கள் நிற்கிற இடத்துக்கோ போங்கள். "அண்ணே, டயர் எங்க வாங்குவீங்க?" என்று கேட்காதீர்கள். "மாட்டுறது, பேலன்சிங் எல்லாம் எங்க பாப்பீங்க?" என்று கேளுங்கள். இரண்டும் வேறு கேள்விகள். டயரைக் கடனுக்குக் கொடுக்கிற கடையில் வாங்குவார்கள். வேலைக்கு வேறொரு கடைக்குப் போவார்கள். சொந்தக் காசில் டயர் போட்டு, மாதம் நாலாயிரம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எந்தக் கடைப் பையன் ரிம்மைக் கீறுவான், எவன் கீறமாட்டான் என்று அத்துப்படி. கமிஷனுக்குக் கடை சொல்கிறவர்களும் உண்டு என்பதால் ஒருவர் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு மூன்று பேர் ஒரே கடையைச் சொன்னால் அங்கே போகலாம்.

போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவது இன்னும் நல்லது. வெளியே வாங்கின டயர், மாட்டித் தருவீர்களா, சக்கரத்துக்கு எவ்வளவு, அதில் வால்வும் பேலன்சிங்கும் சேர்த்தியா தனியா, பேலன்சிங்குக்கு ஒட்டுகிற ஈயம் கிராம் கணக்கா மொத்தமா, பில் உண்டா. இவ்வளவுதான் கேள்வி. பதில் தயங்காமல் எண்ணாக வந்தால் நல்லது. "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்" என்றால் அடுத்த நம்பரைப் போடுங்கள்.

முடிந்தால் டயர் வந்து சேரும் முன்பே, இருக்கிற டயருக்கு அலைன்மென்ட் பார்க்க என்று ஒருமுறை அந்தக் கடைக்குப் போய்வாருங்கள். அலைன்மென்ட் மேடையில் கார் ஏறியதும் முதல் வேலையாகப் பையன் நாலு சக்கரத்திலும் காற்றைப் பார்க்கிறானா? பார்க்காமலே சக்கரத்தில் கேமரா, சென்சார் என்று மாட்ட ஆரம்பித்தால், மெஷின் லட்ச ரூபாய் பெறுமானதாக இருந்தாலும் வேலை சுத்தமில்லை. ஒரு பக்கம் 25, மறுபக்கம் 35 காற்றோடு எடுக்கிற அளவுக்கு அர்த்தமே கிடையாது. அப்படியே, காற்று எவ்வளவு வைக்கிறான் என்றும் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் காருக்கான காற்றளவு அதில் அச்சிட்டிருக்கும். அதைக் குனிந்து படிக்கிறவன் கெட்டிக்காரன். எந்தக் கார் வந்தாலும் 35 அடித்துவிடுகிறவனிடம் புது டயரைக் கொடுக்காதீர்கள்.

இனி மாட்டும் நாள். காலையில் கடை திறந்த கையோடு போங்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் போனால் முன்னால் ஆறு வண்டி நிற்கும், பையன்கள் சாப்பிடக்கூட நேரமில்லாமல் அவசரத்தில் இருப்பார்கள். "சார், அப்படி ஏசில உக்காருங்க, டீ சொல்றேன்" என்பார்கள். டீயை நின்றுகொண்டே குடியுங்கள். உட்கார வேண்டாம்! ஒரு மணி நேரமும் உங்கள் கண் சக்கரத்தின் மேல் இருக்கட்டும். "கஸ்டமர் உள்ளே வரக்கூடாது" என்று கயிறு கட்டியிருந்தால், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம்தானே. பார்க்கவே கூடாது என்றால் அந்தக் கடையே வேண்டாம்.

என்ன பார்க்க வேண்டும்? வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்று முழுக்க இறங்கிய பிறகுதான் டயரை மெஷினின் பக்கவாட்டுக் கரண்டியில் வைத்து நெட்ட வேண்டும். உங்கள் காரில் காற்றழுத்தம் காட்டும் சென்சார் சக்கரத்துக்குள்ளே இருக்கிற ரகம் என்றால் இந்த இடத்தில் வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்: "தம்பி, வால்வுகிட்ட சென்சார் இருக்கு, அங்க நெட்டாதே." சென்சார் வால்வுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும். கரண்டி அங்கே அழுத்தினால் உடையும். ஒன்றின் விலை ஆயிரக்கணக்கில். உடைத்துவிட்டு, "ஏற்கெனவே அப்படித்தான் சார் இருந்துச்சு" என்பார்கள். வேலைக்கு முன்பே டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்று அவரையே பார்க்கச் சொல்லிவிடுவது உத்தமம்.

பழைய டயர் கழன்றதும் ரிம்மின் ஓரத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நம் ஊர் இரும்பு டிஸ்க்குகளில் அங்கே துரு பிடித்திருக்கும். கடலோரத்தில் சொல்லவே வேண்டாம். துருவின் மேலேயே புது டயரை ஏற்றினால் மெதுவாகக் காற்றுக் கசியும், வாரா வாரம் நீங்கள் காற்றடித்துக்கொண்டிருப்பீர்கள். பழைய வால்வை அறுத்தெடுத்துப் புதுசு போட வேண்டும். சின்னச் செலவுதான், மிச்சம் பிடிக்க வேண்டாம். அப்புறம் டயரின் உள்வளையத்தில் அதற்கென்று இருக்கிற பேஸ்ட்டோ, சோப்புத் தண்ணியோ தடவ வேண்டும். சில கடைகளில் கிரீஸையும் பழைய இன்ஜின் ஆயிலையும் தடவுவார்கள். பெட்ரோலியச் சரக்கு ரப்பருக்கு ஆகாது. எதுவுமே தடவாமல் லிவரைப் போட்டு நெம்புகிறவன்தான் எல்லாரையும்விட ஆபத்தானவன். அந்த நெம்பலில்தான் பீடு கிழிகிறது. கிழிசல் உள்ளே போய் ரிம்முக்குள் மறைந்துவிடும், உங்கள் கண்ணில் படாது. டயர் கம்பெனி வாரன்டி என்பது தயாரிப்பில் வந்த குறைக்குத்தான். மாட்டும்போது வந்த காயத்துக்குச் சல்லிக்காசு தேறாது.

ஏற்றும் முன் திசையைப் பார்த்தாரா? பக்கவாட்டில் அம்புக்குறி போட்டு ‘ரொட்டேஷன்’ என்று இருந்தால் அந்தத் திசையில்தான் உருள வேண்டும். ‘அவுட்சைட்’ என்று இருக்கும் பக்கம் வெளியே வர வேண்டும். மஞ்சள் புள்ளி ஒன்று இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றினால் பேலன்சிங்குக்கு ஈயம் குறைவாகவே தேவைப்படும். வேலை தெரிந்தவர் இதைச் சொல்லாமலே செய்வார். நான் ஒரு கடையை எடை போடுவது இந்தப் புள்ளியை வைத்துத்தான்.

காற்றடிக்கும்போது ‘டப்’, ‘டப்’ என்று இரண்டு சத்தம் வரும். இரு பக்க பீடும் ரிம்மில் உட்காருகிற சத்தம். சத்தம் வரவில்லை என்று ஐம்பது, அறுபது என்று ஏற்றிக்கொண்டே போனால் நிறுத்தச் சொல்லுங்கள். பல கார் டயர்களின் பக்கவாட்டிலேயே, பீடு உட்கார 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிக்கக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கும். காற்றை இறக்கி, மறுபடி பேஸ்ட் தடவித்தான் முயல வேண்டும். அந்த நேரத்தில் சக்கரத்தின் மேல் குனிந்துகொண்டு நிற்காதீர்கள், டயர் வெடித்தால் ஆளைத் தூக்கி எறியும். உட்கார்ந்த பிறகு, ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் மெல்லிய ஒரு கோடு சுற்றிலும் ஓடுவதைப் பாருங்கள். ரிம்முக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் டயர் சரியாக உட்கார்ந்துவிட்டது. ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் உட்காரவில்லை. வண்டி நூறைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும்.

அடுத்தது பேலன்சிங். இங்கேதான் கிராம் வியாபாரம். அலாய் வீலென்றால் பல கடைகளில் ஒட்டுகிற ஈயக்கட்டிக்குக் கிராமுக்கு இவ்வளவு என்று ரேட். அப்படியானால் எடை கூடக் கூடக் கடைக்கு லாபம். மெஷின் பொய் சொல்லாது என்று நினைக்காதீர்கள். ரிம்மின் விட்டம், அகலம், மெஷினிலிருந்து தூரம் என்று மூன்று அளவுகளைப் பையன்தான் கொடுக்கிறான். அதில் ஒன்றைத் தப்பாக அடித்தாலே திரையில் எண் ஏறிவிடும். பழைய ஈயத்தைப் பிய்க்காமல் சுழற்றினாலும் ஏறும். திரையில் 70, 80 கிராம் என்று வந்தால் பணத்தைப் பற்றிப் பேசாமல், "தம்பி, அளவை இன்னொரு தரம் எடுங்க. பழைய ஈயத்தை எடுத்தாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். கேள்வி போதும், எண் இறங்குவதைப் பார்ப்பீர்கள். நிஜமாகவே அவ்வளவு வருகிறது என்றால் டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி ஏற்றச் சொல்லலாம். ஈயம் ஒட்டி முடித்து இரண்டு பக்கமும் பூஜ்யம் வந்த பிறகு, சக்கரத்தைக் கழற்றிப் பாதிச் சுற்று திருப்பி மறுபடி மெஷினில் மாட்டச் சொல்லுங்கள். பூஜ்யத்தை ஒட்டியே எண் நின்றால் வேலை சுத்தம். இருபது, முப்பது என்று குதித்தால் சக்கரம் மெஷினில் நடுவாக உட்காரவில்லை. ஒட்டிய ஈயம் வீண்.

"சார், ரிம் பெண்ட் சார்!" இதுவும் பேலன்சிங் மெஷினில்தான் கண்டுபிடிக்கப்படும். உண்மையாகவே இருக்கலாம், நம் ரோட்டுக் குழிகளுக்கு அது அதிசயமில்லை. அதை நிரூபிக்க ஒரு நிமிஷம் போதும். சக்கரத்தை மெதுவாகச் சுழலவிட்டு, ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். வளைவு இருந்தால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். தெரியவில்லை என்றால், "பரவால்ல, இப்ப வேண்டாம்" என்று சொல்லி நகருங்கள்.

பெரிய பணம் போவது அலைன்மென்ட் மேடையில். திரையில் பச்சையும் சிவப்புமாக எண்கள். பையன் சிவப்பைக் காட்டுவான். "கேம்பர் அவுட் சார். இப்படியே விட்டா புது டயர் பத்தாயிரம் கிலோமீட்டர்ல உள்பக்கமா மொட்டையாயிடும். நாலாயிரம் போட்டு வாங்கின டயர் சார்..." நம் பயம் எது என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் புது டயர் போட்டிருக்கிறோம், மனசு கேட்குமா?

கேம்பர் என்றால் சக்கரம் செங்குத்திலிருந்து உள்ளே வெளியே சாய்ந்திருக்கும் கோணம். நம் ஊரில் ஓடுகிற பல சின்னக் கார்களில் முன்சக்கரத்துக்கு டோ என்ற ஒரு கோணத்தை மட்டும்தான் திருகி மாற்ற முடியும். கேம்பரைத் திருகுவதற்குக் கம்பெனியே இடம் வைக்கவில்லை. பின்சக்கரங்களில் பெரும்பாலும் எதையுமே திருக முடியாது. பிறகு எப்படி இவர்கள் ‘கேம்பர் கரெக்ஷன்’ செய்கிறார்கள்? ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றைச் சக்கரத்துக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் கொடுத்து நெட்டி, உலோகத்தையே வளைக்கிறார்கள்! திரையில் சிவப்பு பச்சையாகும், ஆயிரக்கணக்கில் பில் வரும். உங்கள் சஸ்பென்ஷன் பாகம் வளைந்தபடி இருக்கும். கேம்பர் உண்மையிலேயே விலகியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது, அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாகத்தைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும், அதைக் கார் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ஜாக்கியை நெட்ட விடாதீர்கள். "டோ மட்டும் செட் பண்ணுங்க, முன்னாடி பின்னாடி ரெண்டு பிரின்ட் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். பழைய டயர் உள்பக்கமாகத் தேய்ந்திருந்ததா என்பதை, அது தரையில் கிடக்கும்போதே பார்த்துவிடுங்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டர் சமமாகத் தேய்ந்த டயரைக் கழற்றிப்போட்டுவிட்டு, அதே வண்டிக்குக் கேம்பர் அவுட் என்று சொன்னால் அவரிடமே அந்த டயரைக் காட்டிக் கேளுங்கள்.

நைட்ரஜன் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். மாதம் இருமுறை காற்றைப் பார்க்கிறவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

பழைய டயர் யாருக்கு? "அதை இங்கயே விட்டுட்டுப் போங்க சார், நாங்க போட்டுக்கிறோம்." எங்கே போடுவார்கள்? பட்டன் மிச்சமிருக்கிற டயர் செகண்ட் ஹேண்டில் போகும். விலை கேளுங்கள், கூலியில் கழிக்கச் சொல்லுங்கள். முழு மொட்டையாகிவிட்ட டயருக்கும் சந்தை இருக்கிறது. சூடான கத்தியால் புதிதாகக் கோடு கிழித்து, கருப்பு பெயின்ட் அடித்து, இன்னொரு அப்பாவிக்கு விற்றுவிடுவார்கள். லாரிக்காரர்கள் ரீபட்டன் என்று முறையாகச் செய்கிற வேலை வேறு, இது வேறு. மொட்டை டயரை விட்டுவிட்டு வருவதானால் பக்கவாட்டில் உங்கள் முன்னாலேயே ஒரு வெட்டு வெட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டைமாடியில் போடாதீர்கள். மழைக்காலத்தில் டெங்குக் கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

புது டயரே மாறிப்போகும் ஆபத்தும் உண்டு. நீங்கள் கொண்டுவந்ததும் கடையில் இருப்பதும் ஒரே கம்பெனி, ஒரே அளவு என்றால் இரண்டு வருடப் பழைய ஸ்டாக் ஒன்றைத் தள்ளிவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வராது. போனில் எடுத்த படம் அதற்குத்தான். வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கும் முன் எண்களை ஒத்துப்பாருங்கள். கூடவே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். அதை யாரும் பார்ப்பதில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

இரண்டே டயர்தான் வாங்கியிருக்கிறீர்களா? "முன்னாடி போட்டுடலாம் சார், இழுவை அங்கதானே" என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் தப்பு. மிஷெலின், பிரிட்ஜ்ஸ்டோன் போன்ற கம்பெனிகளே சொல்வது, புதுசு இரண்டும் பின்னால் என்பதுதான். ஈரச் சாலையில் முன்சக்கரம் பிடி விட்டால் கார் நேராக வழுக்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். பின்சக்கரம் பிடி விட்டால் கார் சுழலும், சாதாரண ஓட்டுநரால் ஒன்றும் செய்ய முடியாது. பின்னால் இருக்கிற சுமாரான இரண்டை முன்னுக்கு மாற்றிவிட்டுப் புதுசைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கூடுதலாகப் பத்து நிமிஷ வேலை.

நட்டு முடுக்கும் விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். காற்றுத் துப்பாக்கியை வைத்து ‘டர்ர்ர்’ என்று ஒரே மூச்சில் இறுக்கினால் நட்டு ஏறுகிற ஸ்டட் இழுபடும், பிரேக் டிஸ்க் நெளியும், நாளைக்கு நடுரோட்டில் பஞ்சரானால் உங்கள் ஸ்பேனருக்கு நட்டு அசையாது. முதலில் கையால் திருகி, அடுத்தடுத்து வட்டமாகப் போகாமல் எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, சக்கரம் தரையைத் தொட்ட பிறகு டார்க் ரெஞ்ச்சில் முடிக்க வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது கார் கையேட்டில் இருக்கும். பெரும்பாலான சின்னக் கார்களுக்கு 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள். சுவரில் டார்க் ரெஞ்ச் தொங்குகிறதா என்று கடைக்குள் நுழைந்ததுமே பாருங்கள். இல்லையென்றால் துப்பாக்கி வேண்டாம், கை ஸ்பேனர் போதும் என்று சொல்லுங்கள்.

பைக் வைத்திருப்பவர்களும் உஷார். மெஷின் இல்லாமல் மூன்று லிவரை வைத்து நெம்புகிற கடைகள்தான் அதிகம். டியூப் உள்ள சக்கரத்தில் புது டியூப் லிவரில் கடிபட்டால் அன்றைக்கே பஞ்சர். அலாயில் கீறல் விழும். பின்சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது செயின் இழுவை இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று கடை வாசலிலேயே உருட்டிப் பாருங்கள்.

வேலை முடிந்தது. "பில் வேண்டாம்னா வரி மிச்சம் சார்" என்று ஒரு குரல் வரும். பில் வேண்டும். நாளைக்கு டயர் பக்கவாட்டில் வீங்கினால் விற்றவர் "மாட்டினவன் கெடுத்துட்டான்" என்பார், மாட்டியவர் "டயரே மட்டம்" என்பார். நடுவில் நீங்கள் அலைவீர்கள். டயரைக் கையில் கொடுக்கும்போதே, ஏற்றுவதற்கு முன், அவரையே உள்வளையத்தைப் பார்க்கச் சொல்லி, பில்லில் வரிசை எண்களோடு ‘டயர் நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பந்தாட்டம் நின்றுவிடும். கடைக்காரர் மறுக்கக் காரணமே இல்லை. மறுத்தால், நாலு டயரையும் மறுபடி காரில் ஏற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை சோதித்துவிடுங்கள். எண்பதில் ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கர பேலன்ஸ் சரியில்லை, சீட் நடுங்கினால் பின்சக்கரம். கார் ஒரு பக்கமாக இழுத்தால் உடனே இன்னொரு அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். டயர் அம்புக்குறி இல்லாத ரகமென்றால் முன்சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் கோளாறு டயரில். டயர் விற்றவரிடம் போங்கள். அதே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் போட்டவரிடம் பில்லோடும் பிரின்ட்டோடும் போய்க் கூடுதல் காசில்லாமல் சரிசெய்யச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.